குருநாகல் கார் சேலில் ஒரு வெகன் ஆர்: இன்று இரவே அட்வான்ஸ் போடலாமா?

தலவாக்கலை சேர் (வியாழன், இரவு 7.40)

வணக்கம். முதல் தடவையாகக் கார் வாங்கப் போகிறேன், கொஞ்சம் அவசரமாக ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

நான் தலவாக்கலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் அக்கரப்பத்தனைப் பக்கம் மேல் டிவிஷனில், லயத்தில்தான் இருக்கிறார். மாதம் ஒரு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிளினிக். ஓட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவருடைய முழங்கால் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் ஐந்து வருடமாகக் காசு சேர்த்தேன்.

குருநாகலில் ஒரு கார் சேலில், அதாவது பழைய கார் விற்கும் கடையில், 2017 சுசுகி வெகன் ஆர், எஃப்இசட் ரகம் போட்டிருக்கிறார்கள். 58 இலட்சம். ஹட்டனில் அதே வருடத்து வண்டிக்கு 63 சொன்னார்கள். மீட்டரில் 46,000 கிலோமீட்டர். இருபது படம் அனுப்பினார்கள், எல்லாம் புது வண்டி மாதிரி இருக்கிறது. நாளைக் காலையில் இன்னொருவர் பார்க்க வருகிறாராம். இன்று இரவு 1 இலட்சம் ஒன்லைனில் போட்டால் எனக்காக நிறுத்தி வைப்பார்களாம். கொடுத்த கணக்கு ஒருவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது, கடையின் பெயரில் இல்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது. போடலாமா?

கொட்டகலை மழை (வியாழன், இரவு 7.52)

போட வேண்டாம். பார்க்காத வண்டிக்கு ஒரு ரூபாய் கூடப் போட வேண்டாம். நாளைக்கு அது விற்றுப் போனால் போகட்டும் சேர். நாட்டில் வெகன் ஆருக்குப் பஞ்சமில்லை.

வட்டவளைக்காரன் (வியாழன், இரவு 8.30)

சேர், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது.

2021இல் நீர்கொழும்புப் பக்கம் ஒரு கார் சேலில் வண்டி எடுத்தேன். வாகன இறக்குமதி நின்று ஒரு வருடம் தாண்டியிருந்த நேரம், வாரத்துக்கு வாரம் விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்திலேயே ஓடினேன். போய்ச் சேரும்போது மாலை 5 மணி, தூறல். வண்டியைக் கழுவி நனைந்தபடி நிறுத்தியிருந்தார்கள். நனைந்த பெயின்டில் கீறலும் தெரியாது, நிற வித்தியாசமும் தெரியாது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. கடையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன், அவ்வளவுதான். காசைக் கொடுத்து அன்று இரவே அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஏறினேன். கினிகத்தேனை வருவதற்குள் உள்ளே ஒரு வாசம். ஈரத்துணியை மூடி வைத்தது மாதிரி.

பதினைந்து நாள் கழித்துத் தம்பி பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை முழுதாக இழுத்தான். மேல் பகுதி நல்ல கறுப்பு. கடைசி ஒரு முழம் மட்டும் தேத்தண்ணிச் சாயம் ஏறியது போல இருந்தது, அந்தச் சாயம் ஒரு நேர்கோட்டில் நின்றிருந்தது. தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. டிக்கியில் ஸ்பெயார் வீலைத் தூக்கினோம். அடியில் இரும்பு முழுக்கத் துரு, மூலையில் காய்ந்த சேறு. கார்பெட்டைக் கழுவியிருக்கிறார்கள், சீட்டைக் கழுவியிருக்கிறார்கள், பெல்ட் சுருளுக்குள் இருப்பதைக் கழுவவில்லை.

விற்றவருக்கு அழைத்தேன். நீங்கள் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்றார். பிறகு போனை எடுக்கவே இல்லை. ஒரு வருடத்தில் வயரிங்குக்கும் சென்சருக்கும் கொட்டிய காசுக்குக் கணக்கில்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் எவ்வளவு வண்டி மூழ்கியது என்று எல்லோரும் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வேறு. மூழ்கிய வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை சேர். கழுவி, வாசம் அடித்து, வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வெகன் ஆரில் எஞ்சினுக்கு உதவும் சின்ன லித்தியம் பெட்டரி, டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் முதல் அடி அதற்குத்தான். அந்தச் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பண்டாரவளை வியாபாரி (வியாழன், இரவு 9.05)

வட்டவளைத் தம்பிக்கு நடந்தது அநியாயம். ஆனால் சேர், தூரம் என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் இதுவரை நான்கு வண்டி கீழ்நாட்டில்தான் எடுத்தேன். மூன்று நல்ல வண்டி.

நம் டவுன்களில் விற்பனைக்கு நிற்கும் வண்டி எத்தனை? ஐந்தோ ஆறோ. அதனாலேயே 4, 5 இலட்சம் கூடச் சொல்கிறார்கள். அப்புறம், மலையில் ஏழு வருடம் ஓடிய காரையும் குருநாகல் சமவெளியில் ஏழு வருடம் ஓடிய காரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இங்கே ஓடியதில் கியர்பொக்ஸ், பிரேக், லோவர் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் ரேக் எல்லாம் இருமடங்கு உழைத்திருக்கும். தோட்டத்து ரோட்டில் ஓடியிருந்தால் சொல்லவே வேண்டாம். கடலோரத்து வண்டிக்கு அடியில் உப்புக் காற்றால் துரு வரும், அது உண்மை. குருநாகல் உள்நாடு, அந்தப் பயம் குறைவு.

2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகும் வரியினால் புது வண்டி நம் கைக்கு எட்டவில்லை. பழைய வண்டி விலையும் பெரிதாக இறங்கவில்லை. 5 இலட்ச வித்தியாசம் ஒரு ஆசிரியருக்குச் சின்னக் காசா? போய்ப் பாருங்கள். காசை அனுப்பாதீர்கள், ஆளாகப் போங்கள்.

ஹட்டன் பாஸ் மகன் (வியாழன், இரவு 10.20)

வியாபாரி அண்ணன் சொன்னது சரி. சமவெளி வண்டியின் அடிப்பகுதி நன்றாக இருக்கும். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. சமவெளியில் ஓடிய வண்டிக்குள் இருக்கும் வருத்தம் சமவெளியில் தெரியாது. அப்பா முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறார், எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே வாங்கி வந்த முதல் வாரத்திலேயே எங்களிடம் வரும் வண்டிகள் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லும்: அங்கே நன்றாக ஓடியது பாஸ், ஏற்றத்தில்தான் இப்படி.

வெகன் ஆர் எஞ்சின் 658 சீசீ. நாலு பேரோடு ரம்பொடை ஏறும்போது அது தன் முழுச் சக்தியையும் கொடுக்க வேண்டும். சீவிடி கியர் (உள்ளே பெல்ட்டில் ஓடும் ஒட்டோ கியர்) தேய்ந்திருந்தால், அந்தப் பெல்ட் வழுக்கினால், ஒயில் கருகியிருந்தால் அந்த நேரத்தில்தான் காட்டும். கார் சேலைச் சுற்றி ஒரு ரவுண்ட் போவதில் ஒன்றும் தெரியாது. குருநாகலில் இருந்து கண்டி ரோட்டில் மாவத்தகமை தாண்டிப் போனால் கலகெதரைப் பக்கம் ஏற்றம் வரும். அங்கே ஓட்டிப் பார்க்க விட்டால்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். பெட்ரோல் காசு நானே தருகிறேன் என்று சொல்லுங்கள். வண்டியில் நம்பிக்கை உள்ளவர் சம்மதிப்பார்.

மூன்று பேராகப் போங்கள், ஏசியைப் போட்டு ஏறுங்கள். ஏற்றத்தின் நடுவில் ஒரு தடவை நிறுத்தி, பிரேக்கை விட்டு மறுபடி எடுங்கள். உடம்பு உலுக்குவது போல ஒரு ஜர்க் வருகிறதா, எஞ்சின் கத்தியும் வண்டி நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் வேகத்தில் இருந்து பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. அது செலவு குறைந்த விஷயம், விலையில் கழிக்கலாம். கியர்பொக்ஸ் போனால் விலையில் கழித்தாலும் கட்டுப்படியாகாது, விட்டுவிட வேண்டும்.

முக்கியமாகக் காலையில் போங்கள். போவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும். ஜனவரியில் நுவரெலியாவில் கொழுந்து பனியில் கருகும் காலையில் இந்த வண்டியை எடுக்கப் போவது நீங்கள்தான்.

ஏசி விஷயம் இன்னொன்று. மலையில் ஏசி எதற்கு என்று நம் ஆட்கள் பார்ப்பதே இல்லை. நானுஓயாவில் மூடுபனிக்குள் நாலு பேர் மூச்சோடு போகும்போது முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஏசியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெளியும். அது வேலை செய்யாத காரை அந்த ரோட்டில் ஓட்டுவது உயிரோடு விளையாட்டு.

மீட்டர் 46,000 என்பதை நம்பவும் வேண்டாம், பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஜப்பான் ஏலத்தாளைக் காட்டுவார்கள், அங்கே ஏலத்தில் விற்கும்போது வண்டியின் நிலையை எழுதும் தாள். அது நல்லதுதான். ஆர் கிரேட் என்றால் அடிபட்டுத் திருத்தியது, தாளில் உள்ள வண்டிப் படத்தில் டபிள்யூ போட்டிருந்தால் அந்த இடத்தில் திருத்திப் பெயின்ட் அடித்தது, இரண்டு எக்ஸ் போட்டிருந்தால் பாகத்தையே மாற்றியது. ஆனால் அந்த வருடங்களில் வந்த வெகன் ஆர் பல, அங்கே ஓடாமலே வந்தவை. ஏலத்தாள் ஜப்பானில் நடந்ததை மட்டும்தான் சொல்லும். இங்கே நடந்ததைச் சொல்ல சர்விஸ் ரெக்கோர்ட் வேண்டும். அது இல்லையென்றால் பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், டிரைவர் சீட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். 46,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுப்பாகியிருக்காது.

லிந்துலை டீச்சர் (வெள்ளி, காலை 6.15)

தம்பி, எல்லோரும் வண்டியைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் கடதாசியைப் பற்றிச் சொல்கிறேன்.

வண்டி இலக்கத்தைக் கேளுங்கள். படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருப்பார்கள், கேட்டால் தர வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையதளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. அப்படியான வண்டியை அந்தக் கம்பனி உங்கள் வாசலுக்கு வந்து தூக்கிக்கொண்டு போகலாம்.

அடுத்தது ஒப்பந்தம். எங்கள் வீட்டுக்காரர் வண்டி வாங்கியபோது இரண்டு பக்கத்துக்குச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பேசச் சரளமாக வரும், வாசிக்க வராது. வெட்கப்பட்டுக் கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு பக்கத்து வீட்டு மாத்தயா வாசித்துச் சொன்னார்: எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பில்லை, அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது. வாயால் சொன்னது வேறு, கடதாசியில் இருந்தது வேறு. கேட்க வெட்கப்பட வேண்டாம் தம்பி. தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழிதான். தமிழில் தர முடியாது என்றால் படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். நீங்கள் அனுப்பினால் நானே வாசித்துச் சொல்கிறேன்.

தலவாக்கலை சேர் (வெள்ளி, மாலை 4.10)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காசு போடவில்லை. காலையில் அழைத்து, வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். காலையில் வர இருந்தவர் வரவில்லையாம்.

நம்பர் பிளேட் இலக்கம் கேட்டதும் எதற்கு என்றார்கள். மூன்று தடவை கேட்ட பிறகு அனுப்பினார்கள். டீச்சர் சொன்ன மாதிரியே பார்த்தேன். முழு உரிமையாளர் ஒரு பினான்ஸ் கம்பனி. இதைப் பற்றி நேற்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், நீங்கள் முழுக் காசையும் தந்ததும் நாங்களே கடனைச் செட்டில் பண்ணி இரண்டு வாரத்தில் வண்டியின் பதிவுப் புத்தகம் தருவோம், திறந்த கடதாசி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார்கள். நாளைக்கு ஹட்டன் பாஸையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். போவதில் அர்த்தம் இருக்கிறதா?

முன்னாள் லீசிங் ஆள் (வெள்ளி, மாலை 5.00)

லீசிங் இருப்பது தப்பில்லை சேர். பாதி வண்டி அப்படித்தான். மறைத்ததுதான் தப்பு. நான் இந்த வேலையில் பல வருடம் இருந்தவன், முறையைச் சொல்கிறேன்.

பினான்ஸ் கம்பனியிடம் செட்டில்மென்ட் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு அந்தக் கம்பனியின் பெயரிலேயே வங்கியில் பே ஓடர் எடுங்கள். நீங்களே கவுன்டரில் கொடுத்து ரசீதை வாங்குங்கள். மிச்சம் மட்டும்தான் உரிமையாளருக்கு. கார் சேலுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு அவர்கள் கட்டுவார்கள் என்று வீட்டுக்கு வராதீர்கள். அவர்கள் அந்தக் காசில் வேறு வண்டி எடுத்துவிடுவார்கள், உங்கள் புத்தகம் மாதக் கணக்கில் வராது.

திறந்த கடதாசி என்றால் பதிவு உரிமையாளர் மாற்றப் படிவங்களில், அதுதான் எம்டிஏ 6, எம்டிஏ 8, வாங்குபவர் பெயர் போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்தது. அது கையில் கையாக நாலு பேருக்குப் போயிருக்கும். கையெழுத்து வைத்தவர் உயிரோடு இருக்கிறாரா, வெளிநாட்டில் இருக்கிறாரா என்று கூட யாருக்கும் தெரியாது. பதிவில் உள்ள உரிமையாளரோடு நேரில் பேசுங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள். அவரைக் காட்ட முடியாது என்றால் அந்த வண்டி வேண்டாம்.

தலவாக்கலை சேர் (சனி, இரவு 9.45)

போய் வந்தோம். விவரமாக எழுதுகிறேன், அடுத்து வாங்குபவர்களுக்கு உதவும்.

விடியற்காலை 3.30க்குக் கிளம்பி 8 மணிக்கு முன் போய்விட்டோம். பொனட் குளிர்ந்துதான் இருந்தது. பெல்ட் நான்கையும் இழுத்தோம், சுத்தம். சீட்டுக்கு அடியில் காய்ந்து இருந்தது. டிக்கியின் அடித்தளத்தில் துருவே இல்லை. எனக்கு மனம் இளகத் தொடங்கிவிட்டது. பாஸ் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இடது முன் கதவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு என் கையைப் பிடித்துக் கதவின் உள் விளிம்பில் வைத்தார். வலது கதவில் கம்பனி பூசிய சீலர் ஒரே சீராக, விரல் நுனியில் நெளிநெளியாகப் பட்டது. இடது கதவில் மொழுமொழுவென்று இருந்தது. டிங்கர் வேலை நடந்த, அதாவது தட்டித் திருத்திய கதவு. அதைக் கூட மன்னிக்கலாம், விலையில் பேசலாம் என்றார்.

கலகெதரைக்குப் போக முதலில் மறுத்தார்கள். அப்படியென்றால் திரும்பிப் போகிறோம் என்றதும் ஒரு பையனை ஏற்றி அனுப்பினார்கள். மாவத்தகமை வரை பட்டுப் போல ஓடியது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் பாஸ். எடுத்ததும் ஒரு உலுக்கல். மச்சான் முன் சீட்டில் தலையை இடித்துக்கொள்ளப் பார்த்தான். இரண்டாவது தடவை அதைவிட மோசம். மூன்றாவது தடவை எஞ்சின் இரைந்தது, வண்டி ஒரு நொடி நின்ற இடத்திலேயே நின்றது. பாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்கு வந்ததும் 3 இலட்சம் குறைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒரு இலட்சத்தை வியாழன் இரவு போட்டிருந்தால், அந்தக் காசு போய்விடுமே என்ற பயத்தில் இன்று அந்த வண்டியை எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரிகிறது.

வட்டவளைக்காரன் (சனி, இரவு 10.02)

சேர், இதை வாசித்து எனக்குத்தான் ஆறுதலாக இருக்கிறது. பாஸுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

மஸ்கெலியா புதியவன் (ஞாயிறு, காலை 8.20)

ஒரு கேள்வி. ஏற்கனவே அட்வான்ஸ் போட்டு, வண்டி சொன்ன மாதிரி இல்லாமல், காசைத் தர மறுத்தால் என்ன செய்வது? என் அண்ணனுக்கு இப்போது அந்த நிலைதான்.

லிந்துலை டீச்சர் (ஞாயிறு, காலை 9.00)

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, வங்கி ரசீது எல்லாவற்றையும் இப்போதே சேமிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தை அவர்கள் இன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

தலவாக்கலை சேர் (மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 8.30)

இழையை முடிக்காமல் விட்டால் சரியில்லை என்று எழுதுகிறேன்.

வண்டி எடுத்துவிட்டேன். இதுவும் தூரத்து வண்டிதான், கேகாலையில் ஒரு சின்னக் கார் சேல். 2017 வெகன் ஆர், எஃப்எக்ஸ் ரகம், 59 இலட்சம். இலக்கம் கேட்டதும் புத்தகத்தின் படத்தையே அனுப்பினார்கள். இதிலும் லீசிங் இருந்தது, ஆனால் அவர்களே முதலில் சொன்னார்கள். ஓட்டிப் பார்க்கக் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போக வேண்டும் என்றதும், மலையாட்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் என்று கடைக்காரரே சாவியைத் தந்தார். மூன்று பேர், ஏசி, நிறுத்தி எடுத்தோம். உலுக்கல் இல்லை. முன் டிஸ்க் மட்டும் நடுங்கியது, அதற்கு 40,000 கழித்தார்கள்.

பினான்ஸ் கவுன்டரில் நானே பே ஓடர் கொடுத்து ரசீது வாங்கினேன். உரிமையாளர் ஓய்வுபெற்ற தபால் அதிபர், அவரும் வந்திருந்தார். ஒப்பந்தம் சிங்களத்தில்தான் இருந்தது. டீச்சருக்குப் படம் அனுப்பினேன், அரை மணி நேரத்தில் வரிக்கு வரி குரலில் சொல்லி அனுப்பினார். அக்கா, அந்த உதவியை மறக்க மாட்டேன். பினான்ஸ் கம்பனியின் விடுவிப்புக் கடிதமும் புத்தகமும் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தன. இந்த வாரம் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்ப் பெயர் மாற்ற வேண்டும்.

நாளை அம்மாவின் கிளினிக். விடிய 5 மணிக்கு மேல் டிவிஷனில் நிற்க வேண்டும். கடைசி வளைவில் கல் ரோடு மோசம், அதனால் வண்டியைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு அவரைக் கைப்பிடித்து இறக்குவேன். நானுஓயாவில் கண்ணாடி வெளுத்தால் ஏசியைப் போடுகிறேன் பாஸ் மகன்.

ஹட்டன் பாஸ் மகன் (திங்கள், இரவு 8.41)

சந்தோஷம் சேர். டிஸ்க்கை இந்த வாரமே கடைந்துவிடலாம், புதன்கிழமை கொண்டு வாருங்கள். நாளைக்கு இறக்கத்தில் எல் கியரில் விட்டு மெதுவாக வாருங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், ஏறி இறங்க அதுதான் சுகம்.